கப்பலேற்றப்பட்ட தமிழர்கள்

கப்பலோட்டிய தமிழன் யாரென்று கேட்டால் நாலாம் வகுப்புப் பிள்ளை எழுந்து பதில் சொல்லிவிடும். கப்பலேற்றப்பட்ட தமிழன் யாரென்று கேட்டால் பல்கலைக்கழகமே வாய் மூடிக்கொள்ளும். ஓட்டியவருக்குச் சிலை இருக்கிறது, துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது, சினிமா இருக்கிறது. இருக்கட்டும். அவர் செக்கிழுத்த பாடு சாமானியமானதல்ல. ஆனால் ஏற்றப்பட்டவருக்கு என்ன இருக்கிறது? அவரை ஏற்றிய கரையில் அவர் பெயருக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. அப்படியொரு கரையில் உட்கார்ந்துதான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

ஊர் தோணிரேவு. பழவேற்காடு ஏரிக்கரை. 'ரேவு' என்பது தெலுங்கு வழி வந்த சொல், துறை என்று அர்த்தம். இந்த இதழை ஆப்பிரிக்கக் கலை இலக்கியச் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம் என்று இங்கே மாலைப் பள்ளிக்கு வரும் இளைஞர்களிடம் சொன்னேன். ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இன்னா தோழரே, ஏரில இறாலு இல்ல. முகத்துவாரம் மண்ணு மூடிக் கெடக்குது. காட்டுப்பள்ளித் துறைமுகத்த இன்னும் பெருசாக்கப் போறாங்கன்றாங்க. இந்த நேரத்துல ஆப்பிரிக்கா எதுக்கு?"

நியாயமான கேள்வி. சென்னையில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களில் இந்தக் கேள்வி வராது. அங்கே ஆப்பிரிக்க இலக்கியம் ஒரு மேல்நாட்டுச் சரக்கு மாதிரி, கேட்காமலே கைதட்டுவார்கள். பசியோடு இருக்கிறவர்தான் எதற்கு என்று கேட்பார். அவருக்குத்தான் நான் பதில் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் இந்த ஏரியிலிருந்தே தொடங்குகிறேன். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்கும் முறைக்கும் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பங்கிடுகிற ஏற்பாடு. வெளியூர் ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆகா, எவ்வளவு அழகான சமூக நிர்வாகம் என்று எழுதினார்கள். அழகுதான். ஆனால் பங்கு, தலைக்கட்டில் பேருள்ள பட்டினவர் ஆண்களுக்கு. தலித்துகளும் இருளர்களும் பாட்டுக்கு வெளியே. இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் குனிந்து, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். தண்ணீர் பொது என்கிறார்கள். தண்ணீருக்குள் கோடு போட்டிருப்பது சாதி. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு கடலைப் பாருங்கள். கடலிலும் அது நீண்டு போயிருக்கிறது.

1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி. என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கை. கம்பெனி இங்கே வாங்கியது துணி என்று பாடப்புத்தகம் சொல்லும். துணியோடு சேர்த்து மனிதர்களையும் வாங்கியது. 1621-ல் டச்சுப் படை இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளை நாசமாக்கியது; அந்தத் தீவு மக்களில் பெரும்பகுதி செத்தார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. அந்த ஆளை இந்தக் கரையிலிருந்தும் வங்காளக் கரையிலிருந்தும் பிடித்துப்போனார்கள். பத்தாவியாவுக்கு, மலாக்காவுக்கு, இலங்கைக்கு என்று கப்பல் கப்பலாகப் போனது. 1618-20, 1645-47, 1659-61 என்று பஞ்சம் வந்த வருஷங்களிலெல்லாம் இந்த வியாபாரம் செழித்தது. கடைசியாகச் சொன்ன பஞ்சத்தில் நாகப்பட்டினம் முதலான துறைகளிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பகுதி இலங்கைக்கு.

பஞ்சத்தில் முதலில் அணைவது யார் வீட்டு அடுப்பு? நிலமில்லாதவர் வீட்டு அடுப்பு. மனிதரை விலைபேசும் வித்தையை டச்சுக்காரனா நமக்குச் சொல்லிக்கொடுத்தான்? பள்ளரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்து எழுதிக்கொடுத்த ஓலைகள் நம்மூர் மிராசுதார் வீடுகளில் இருந்தன. 1843-ல் வெள்ளைக்காரன் சட்டம் போடுகிற வரைக்கும் நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வந்த கம்பெனிக்கு உள்ளூர்ச் சந்தை தயாராக இருந்தது. தரகர்களும் நம்மூர்க்காரர்கள்தான். காலனியம் பற்றி எழுதுகிற நம் அறிவுஜீவிகள் இந்தத் தரகரைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனாவில் மை தீர்ந்துபோகிறது.

துணியின் கதையையும் விட்டுவிட முடியாது. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட துணி அன்று உலகப் பிரசித்தம். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது இந்த ஊர்தான். அதே வகைத் துணி 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அங்கே அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. இந்தக் கரையில் நெய்ததைக் கொடுத்து அந்தக் கரையில் ஆளை வாங்கினார்கள். நெய்தவர்களில் நம்மவரும் உண்டு. கோலியர் என்ற நெசவுப் பிரிவு பறையரிலிருந்து பிரிந்தது என்று தர்ஸ்டன் 1909-லேயே எழுதியிருக்கிறார்.

இந்தத் துணியை ஆப்பிரிக்கர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலாபாரி என்ற மக்கள். அவர்களும் மீன்பிடிக்கிறவர்கள், தோணிக்காரர்கள். அவர்களுடைய பெண்கள் நம் கட்டத்துணியை எடுத்து, ஊசியாலும் கத்தியாலும் நூலை ஒவ்வொன்றாகத் தூக்கி அறுத்து உருவி எடுத்தார்கள். அப்படி உருவ உருவத் துணியில் புதிதாக ஒரு கோலம் பிறந்தது. 'பெலெட்டே பிட்டே' என்று அதற்குப் பெயர். அறுத்த துணி என்று பொருள். பிள்ளை பிறந்த வீட்டிலும் சாவு விழுந்த வீட்டிலும் மெட்ராஸ் துணி அவர்களுக்கு வேண்டும். 'இஞ்சிரி' என்று சொல்லி வம்சத்துச் சொத்தாகப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அடிமை வியாபாரத்தின் கைக்காசாக வந்த துணி அது. நூலை அறுத்து அதைத் தங்கள் துணியாக்கிக்கொண்டார்கள். கலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. எஜமானன் கொடுத்ததிலிருந்து சிலதை உருவி எறிந்து மிச்சத்தைத் தனதாக்குவது.

இனி ஒரு பெண்ணின் கதை. டச்சுக்காரர்கள் எழுதிவைத்த பதிவில் அவள் பெயர் காத்தரீனா வான் பலியகட்டா. பழவேற்காட்டுக் காத்தரீனா என்று அர்த்தம். பத்தாவியாவில் அடிமையாக இருந்தாள். அவளோடு உறவிலிருந்த, மலபாரிலிருந்து வந்த இன்னொரு அடிமை சண்டையில் செத்துப்போக, அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்து ஆயுளுக்கும் நாடு கடத்தினார்கள். 1657-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே டச்சுக் குடியிருப்பு தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தளபதி வான் ரீபெக் வீட்டுக்கு அவள் துணி வெளுத்தாள். ஒரு கம்பெனிச் சிப்பாய்க்கு அவளிடம் ஒரு மகன் பிறந்தான். அந்த மகனிடமிருந்து கிளைத்ததுதான் ஸ்னைமன் என்ற வெள்ளைக் குடும்பப் பெயர். பிற்காலத்தில் நிறவெறி ஆட்சி நடத்திய ஆஃப்ரிகானர் சமூகத்தில் தெரிந்த பெயர்களில் அதுவும் ஒன்று. சுத்த வெள்ளை ரத்தம் என்று சட்டம் போட்டவர்களின் வம்ச மரத்தில் வேராக இருப்பவள் இந்த ஏரிக்கரையிலிருந்து விற்கப்பட்ட கறுத்த பெண். சுத்தம் பேசுகிற எல்லா வம்சத்தின் கதையும் இப்படித்தான் முடியும். நம்மூர்ச் சுத்தக்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

1652-க்கும் 1808-க்கும் இடையில் அந்த முனைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்களும் ஆப்பிரிக்க, மடகாஸ்கர், இந்தோனேசிய அடிமைகளும் மண்ணின் மக்களான கோய்க்களும் அடுப்படியிலும் துறையிலும் பேசிப் பேசி டச்சை உடைத்ததில்தான் ஆஃப்ரிகான்ஸ் மொழி உருவானது. நம் கறி அங்கே 'கெரி' ஆயிற்று. அடிமைகள் வாயில் பிறந்த மொழியை ஆண்டைகள் எடுத்துக்கொண்டு, அதிலேயே கறுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் மாணவர்கள் தெருவில் இறங்கிச் செத்தது அதற்காகத்தான்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம், உள்ளே வேலைப்பாடுள்ள கல்வெட்டுகள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாதுகாக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கியவனின் கல்லறைக்கு வேலி போட்டிருக்கிற ஊரில் விற்கப்பட்டவர்களுக்காக ஒரு வரி எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்ததும் கரும்புத் தோட்டக்காரர்கள் கூலியைக் கண்டுபிடித்தார்கள். 1834-ல் மொரீஷியஸ். 1860 நவம்பர் 16-ல் நேட்டால். சென்னையிலிருந்து 342 பேரோடு போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஆளை இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்கு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருக்க நினைத்தால் தலைக்கு மூன்று பவுன் வரி. அதை எதிர்த்த 1913 போராட்டத்தில் சிறைபோய், 1914-ல் செத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். அறிவோம் என்றாலும் காந்தியின் கதையில் ஒரு பக்கமாகத்தான் அறிவோம். சுரங்கத்திலும் தோட்டத்திலும் கருவியைப் போட்டுவிட்டு நடந்த ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு அந்தப் பக்கமும் இல்லை.

அந்தக் கப்பல் பதிவேடுகளை அவசியம் பார்க்க வேண்டும். எண், பெயர், அப்பன் பெயர், வயது, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. நடுவில் ஒரு கட்டம்: சாதி. அந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களில் ஒன்று 'பறையா'. செங்கல்பட்டு ஜில்லா, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சித்தூர். இந்தப் பழவேற்காடும் அன்று செங்கல்பட்டு ஜில்லாதான். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பயமுறுத்தியது. போவதற்கு ஒரு நல்ல சாதி வைத்திருந்தவன் பயந்தான். நம்மாளுக்கு என்ன பயம்? போனால் போகட்டும் சனியன் என்றுதான் ஏறியிருப்பான். அங்கே இறங்கிப் பலர் பெயரையும் பட்டத்தையும் மாற்றிக்கொண்டார்கள். இங்கே சேரி, அங்கே நாயுடு, பிள்ளை. சிரிக்காதீர்கள். தப்பிக்கிறவன் கையில் கிடைத்த கயிற்றைத்தான் பிடிப்பான்.

மாற்றிக்கொள்ளாமல் நின்றவர்களும் உண்டு. 1893-ல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்த இரட்டைமலை சீனிவாசன் 1900-ல் கப்பலேறினார். கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக நேட்டால் போய், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1921-ல்தான் திரும்பினார். ஒன்பது வருஷம் கழித்து வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மேஜையில் உட்கார்ந்தவரின் காதில் இருபது வருஷ ஆப்பிரிக்கா இருந்தது. சவுக்கடி பட்ட கூலி சொல்வதை வெள்ளை நீதிபதிக்கு எடுத்துச் சொல்கிற வேலை அவருடையது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தத்துக்கும் கடல் கடந்து கிளை பிரிந்தது. 1917-ல் டர்பனில் தமிழர்கள் பௌத்த சங்கம் கண்டார்கள். நம் இயக்க வரலாற்றில் ஆப்பிரிக்கா ஓர் அத்தியாயம். நாம்தான் அந்தப் பக்கங்களைப் பிரிக்காமலே வைத்திருக்கிறோம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். 1982-ல் இந்திரன் மொழிபெயர்த்த 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' வந்தது. கறுப்பு என்பது வெட்கப்பட வேண்டிய நிறமல்ல என்று நம் தலைமுறைக் கவிஞர்கள் பலருக்குச் சொன்ன புத்தகம். 1998-ல் ஆச்சிபியின் நாவலை என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தந்தார். அதற்கும் முன்னால், 1972-ல் பம்பாயில் தாசலும் பவாரும் தாலேயும் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. நாம் இங்கே கறுப்பு இலக்கியத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலத்துக்குச் சற்று முன்னால் டர்பனில் தமிழ் வம்சாவளிப் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டும் நடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

1969-ல் ஸ்டீவ் பிகோ தலைமையில் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு எழுந்தது. கறுப்பர் என்றால் யார் என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கத்தை நம் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். தோலின் நிறம் அங்கே அளவுகோல் இல்லை. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒதுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒன்றாக நிற்கிற எல்லாரும் கறுப்பர். ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் எல்லாரும் அதில் வருவார்கள். 'தலித்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கிற அர்த்தமும் இதுதானே? டர்பனைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார்கள். நேட்டால் நாடக மன்றத்தைக் கட்டி ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். 1974-ல் மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் கூட்டியதற்காகப் பிடித்தார்கள். வழக்கில் கவிதைகளையும் நாடகங்களையும் குற்றமாகச் சேர்த்தது அரசு. ஒன்பது பேருக்குத் தண்டனை. மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறைக்கே போனார்கள். பிகோவை 1977 செப்டம்பர் 12-ல் போலீஸ் காவலில் கொன்றார்கள்.

கூலியின் கொள்ளுப்பேரன், 'இந்தியன்' என்ற பாதுகாப்பான பெயரை உதறிவிட்டு, 'கறுப்பன்' என்ற ஆபத்தான பெயரைத் தானே எடுத்துக்கொண்டான். நிறவெறிச் சட்டம் இந்தியருக்கு ஆப்பிரிக்கரைவிட ஒரு படி மேலே இடம் கொடுத்திருந்தது. அந்தப் படியிலிருந்து தானாகக் கீழே இறங்கி நின்றதுதான் அவர்கள் செய்த காரியம். படிநிலை என்ற சொல்லை அம்பேத்கரிடம் படித்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி இருப்பதால்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது என்றார் அவர். ஒரு படிக்காரர்கள் இறங்கி வந்தால் கட்டடம் ஆடும்.

ஆனால் தோழர்களே, எல்லாரும் இறங்கி வரவில்லை. இதை மறைத்துவிட்டு ஆப்பிரிக்கச் சிறப்பிதழ் போடுவது மோசடி. டர்பனில் காட்டோ மேனர் என்ற இடம். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த மேடு. பிறகு சிலர் நிலம் வாங்கினார்கள். நகரத்துக்கு வேலை தேடி வந்த ஆப்பிரிக்கர்கள் அந்த நிலத்தில் குடிசைக்கு வாடகை கொடுத்தார்கள். 1949 ஜனவரியில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் கலவரம் மூண்டது. 142 பேர் செத்தார்கள். ஆப்பிரிக்கரும் இந்தியரும். மேலே இருந்தவன் வேடிக்கை பார்த்தான். அடுத்த வருஷமே இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தான். பின்னால் அந்த மேட்டிலிருந்து இரண்டு பேரையும் துடைத்து எறிந்தான். அந்த மேட்டின் கதைகளை ரோனி கோவெந்தர் எழுதினார். 1996-ல் புத்தகமாக வந்தது. '1949' என்றே அதில் ஒரு கதை. கெஸ்ஸி கோவெந்தர் கட்டட வேலை செய்தவர், நாடகக்காரர். அவருடைய 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ' நாடகம் கட்டட வேலைத்தளத்தில், ஆப்பிரிக்கத் தொழிலாளியை இந்தியத் தொழிலாளி எப்படி நடத்துகிறான் என்பதைத் தன் சனத்தின் முகத்துக்கு நேரே நடித்துக் காட்டியது. எழுத்தாளன் தன் சனத்துக்கு வக்கீலாக மட்டும் இருந்தால் போதாது, சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்பதை இவர்களிடம் படிக்கலாம்.

காந்தி நேட்டாலில் இருந்த ஆரம்ப காலத்தில் இந்தியரை ஆப்பிரிக்கரோடு சேர்த்து வைக்காதீர்கள் என்றுதான் மனுப் போட்டார். டர்பன் தபால் நிலையத்தில் இருவருக்கும் ஒரே வாசல் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தனி வாசல் கேட்பது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கானா பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் 2018 டிசம்பரில் அவர் சிலை வளாகத்திலிருந்து அகற்றப்படும் வரை போராடினார்கள். தேசபக்தர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒருவர்கூட அந்த வாசலைப் பற்றிப் பேசவில்லை. 2021 ஜூலையில் டர்பனுக்குப் பக்கத்தில் பீனிக்ஸ் என்ற இந்தியர் குடியிருப்பில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். சூறையாடலைத் தடுக்கிறோம் என்று தெருமுனையில் தடுப்புப் போட்டவர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. அந்த ஊரில் இருப்பவர்களில் எத்தனையோ பேர், பதிவேட்டில் 'பறையா' என்று எழுதப்பட்டவரின் சந்ததி. நேற்றுத் தான் யாராக இருந்தோம் என்பதை மறந்தவன் இன்று தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான்.

நாம் மட்டும் என்ன? மீஞ்சூர், அத்திப்பட்டு ரயில் நிலையங்களில் மூட்டையோடு இறங்குகிற பீகார், ஒடிசாத் தொழிலாளியை நம் பிள்ளைகள் என்னவென்று கூப்பிடுகிறார்கள்? "வடக்கன்." நேட்டாலில் நம்மைக் கூப்பிட்ட சொல் "கூலி". இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அன்று கப்பல், இன்று ரயில். அன்று கங்காணி, இன்று காண்ட்ராக்டர். அந்த மூட்டைக்காரரிடம் நின்று அவர் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் நம்ம தெருதான். படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்களைப் பெங்களூரில் 2016-லும் கிரேட்டர் நொய்டாவில் 2017-லும் கூட்டம் கூடி அடித்தார்கள். நம் சினிமாவில் கறுப்புத் தோல் இன்னும் நகைச்சுவைக் காட்சிக்குத்தான். அடித்தவர்களும் சிரித்தவர்களும் ஆதிக்க சாதியார் மட்டும்தானா? இந்த ஏரியில் இருளர் பெண்ணுக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்ன என்பதையும் இதே வரிசையில் வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் ஆப்பிரிக்கா வேண்டும் என்கிறேன். நமக்கு ஆறுதல் சொல்ல அந்த இலக்கியத்தை அழைக்கவில்லை. நம் வீட்டுக் கணக்கு அங்கே எழுதிக் கிடக்கிறது, வரவும் செலவுமாக. நம் முப்பாட்டி பட்ட பாடும் அங்கே இருக்கிறது. நம் பங்காளி செய்த கொடுமையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் படிக்கிற தைரியம் இருந்தால் மட்டும் இந்த இதழைப் பிரியுங்கள்.

கலை என்று வந்தால் இன்னும் இரண்டு சேதி. கென்யாவில் கமிரித்து என்ற கிராமம். நிலம் பறிகொடுத்தவர்களும் தோட்டக் கூலிகளும் வாழ்கிற இடம். 1977-ல் கூகி வா தியாங்கோ அந்த மக்களோடு சேர்ந்து, கிகூயூ மொழியில், அவர்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் நாடகம் போட்டார். ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகப் புகழ் பெற்ற வரைக்கும் அரசு அவரைத் தொடவில்லை. கூலிக்காரர் தன் பாஷையில் மேடையேறியதும் விசாரணையில்லாமல் சிறையில் போட்டது. 1982-ல் அந்த அரங்கையே இடித்துத் தள்ளியது. 2025 மே மாதம் கூகி காலமானார். எந்த மேடை அதிகாரத்தைப் பயமுறுத்தும் என்று கேட்கிற மாணவர்களுக்கு அந்த இடிபாடே பதில்.

ரீயூனியன் தீவில் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் கரும்புத் தோட்டத்தில் உண்டாக்கிய இசை மலோயா. நெடுங்காலம் ஆட்சியாளர்கள் அதை ஒதுக்கியும் அடக்கியும் வைத்தார்கள். 2009-ல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபாக அறிவித்தது. அதே தீவில் தமிழ்க் கூலிகளின் வாரிசுகள் தீமிதித் திருவிழாவில் இன்றும் தப்படிக்கிறார்கள், பெயரும் தப்புதான். இங்கே நாம் சாவு மேளம் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தோம், அது போராட்டம். பிறகு நம் மேடையில் நமக்காகவே எடுத்து அடித்தோம், அதுவும் போராட்டம். அங்கே அந்தத் தோல் அடிமையின் தோலோடு சேர்ந்து வேறு தாளம் கற்றிருக்கிறது. அந்தத் தாளத்தை நம் கலைக்குழுக்கள் கேட்க வேண்டும்.

இனி வேலை. மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர்களின் பதிவுகள் இருக்கின்றன. குடிபெயர்ந்த கூலிகளைப் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. சோழர் காலத்துச் செப்பேட்டைத் தேடிப் போகிற கால்கள் அங்கேயும் ஒரு நாள் போகட்டும். அதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கிழவிகளிடம் போங்கள். இங்கே ஓர் ஆயா சொன்னார்: "எங்க பாட்டனோட தம்பி ஒருத்தரு கரும்புச் சீமைக்குப் போறேன்னு போனவருதான். திரும்பல. அவுருக்கும் சேத்துதான் இன்னிக்கும் படையல்ல ஒரு எல போடறோம்." எந்தச் சீமை, எந்த வருஷம் என்பதை அந்த இலை சொல்லாது. பதிவேடு சொல்லும். இலையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர்தான் இனி நமக்கு வரலாற்றாசிரியர். பெயர், ஊர், போன சீமை, வீட்டில் சொல்லும் கதை. நாலு வரி போதும், எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறேன்.

இயக்கத் தோழர்களுக்கு ஒன்று. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் கூட்டம் போடும்போது பட்டினவரும் தலித்தும் இருளரும் ஒரே பந்தலில் உட்காருகிறார்கள். நல்லது. பந்தலைப் பிரித்த மறுநாள் ஏரியில் பாட்டைப் பற்றியும் அதே மாதிரி உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேளுங்கள். கடலைக் காப்பாற்ற எல்லாரும் வேண்டும், தண்ணீரில் பங்கு சிலருக்கு மட்டும் என்றால் அது என்ன ஒற்றுமை? டர்பன் பிள்ளைகள் 1969-ல் ஒரு படி கீழே இறங்கிக் காட்டினார்கள். இங்கே யார் இறங்குவது என்பதுதான் தோணிரேவுக் கரையில் நின்று நான் கேட்கிற கேள்வி.

தோழமையுடன்,
ஆசிரியர்